ஹத்தர் மேட்டில் ஒன்பது சதவீதம்

ஹம்மர்ஃபெஸ்ட் ஆஸ்பத்திரி,
பிரசவப் பகுதிக்கு வெளியே, ஜன்னலோர நாற்காலி.

நடுக்கடல் எண்ணெய் மேடையில் உத்தியோகம் பார்க்கும் என் அருமை மருமகன் எய்லிஃபுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும், கராஷோக் ஊரில் பனி ரோட்டை விட்டு ஒருமுறைகூடப் பள்ளத்தில் இறங்காத ஒரே டிரைவருமாகிய உன் மாமா ஆஸ்முண் வாய் நிறைய வாழ்த்தி எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடல் சுகமாக இருக்காது, அது அதன் குணம். உன் மனைவி ரன்வேக் சுகம். நானும் சுகம், இடது காலில் இரண்டு விரல்களைத் தவிர. அவையும் இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கின்றன, ஊசி குத்துவதுபோல் இருப்பதால் தெரிகிறது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். என் போன் குளிரில் செத்துவிட்டது. அவள் போன் அவளோடு உள்ளே போய்விட்டது. அதுவுமில்லாமல் போனில் நான் வாயைத் திறந்தாலே நீ ‘சரி மாமா, சரி மாமா’ என்று பாதியில் வைத்துவிடுகிறவன். காகிதம் அப்படி வைக்காது. நாளைக்கு ஹெலிகாப்டரில் உங்களுக்குப் போகும் தபால் மூட்டையில் இதைப் போட்டுவிடுவார்கள். மூட்டை கட்டுகிறவன் எனக்குக் கடன்பட்டவன். ஏரியில் மூழ்கிய அவனுடைய பனி ஸ்கூட்டரை நான் ஒரே கையால் இழுத்து வெளியே போட்டிருக்கிறேன்.

நீ வேலைக்குக் கிளம்பிய அன்று என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். அவளுக்கு வலி கண்டால் உன் மின்சாரக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், என் டீசல் வண்டியின் வாடை அவளுக்குக் குமட்டுகிறது என்பது ஒன்று. ராத்திரியில் அந்தக் காரைப் பிளக்கிலிருந்து பிடுங்கக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டாவதைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. என் வீட்டு வெளிச்சுவரில் இருப்பது ஒரே ஒரு பிளக். வாங்கிய நாளிலிருந்து என் டீசல் வண்டி குளிர்காலம் முழுக்க அந்தப் பிளக்கில்தான் வயரை மாட்டிக்கொண்டு, இஞ்சினைச் சூடு பண்ணிக்கொண்டு தூங்குகிறது. ஒரு ராத்திரி விட்டுவிட்டால் காலையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உன் காரின் பலகையிலோ சார்ஜ் எண்பத்துநாலு சதவீதம் என்று போட்டிருந்தது. எண்பத்துநாலு போதாதா? எனக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் கூட்டினால்கூட அவ்வளவு வந்ததில்லை. வயிறு நிறைந்தவனை எழுப்பி மறுபடி சாப்பிடச் சொல்வானேன் என்று, பிளக்கைப் பசித்தவனுக்குக் கொடுத்துவிட்டேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார்.

காலையில் ரன்வேக் மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். நான் பால்கட்டி போட்ட காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். “மாமா, கிளம்பணும்” என்றாள், அவ்வளவுதான். முகம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. நான் வெளியே போய்க் குளிரைப் பார்த்தேன். நம் வீட்டு வெப்பமானி மைனஸ் நாற்பதோடு முடிந்துவிடுகிறது. சிவப்புக் கோடு அதற்கும் கீழே போய்க் குண்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. நான் நாற்பத்தெட்டு என்று கணித்தேன். ரன்வேக் நாற்பத்தொன்று என்றாள். அவள் போனைப் பார்த்துச் சொல்கிறாள், நான் மூக்கை வைத்துச் சொல்கிறேன், மூக்குக்குச் சார்ஜ் தேவையில்லை. எதிர்வீட்டுக் கூரையில் ஒரு காக்கை உட்கார்ந்த நிலையிலேயே உறைந்து, தட்டினால் மணிபோல் சத்தம் கேட்கும் நிலையில் இருந்தது.

காருக்குப் போனால், கார் செத்துக் கிடந்தது. கதவுப் பிடி கதவுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும் நவீனம் அது. தட்டினேன், கெஞ்சினேன், உதைத்தேன், மெதுவாகத்தான். வயிற்றுக்குள் அத்தனை பெரிய பாட்டரி நிறையப் படுத்திருக்கிறது. ஆனால் அதை எழுப்புவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாட்டரி இருக்கிறதாம், டிராக்டரில் இருப்பது மாதிரி சாதாரண பன்னிரண்டு வோல்ட். ராத்திரிக் குளிரில் உயிரை விட்டது அதுதான். அது போனால் பூட்டுத் திறக்காது, விளக்கு எரியாது, பெரியதை எழுப்ப நாதி கிடையாது. சாவி வைத்திருக்கும் காவலாளி வரவில்லை என்று ஆபீசே வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறாயா, அந்தக் கதை. உன் சாவிக்குள் இன்னொரு குட்டிச் சாவி ஒளிந்திருக்கிறது என்று ரன்வேக்தான், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, காட்டினாள். கதவைத் திறந்தோம். நான் டீசல் வண்டியை அரைத் திருப்பில் உறும வைத்து, பக்கத்தில் கொண்டுவந்து, கேபிள் போட்டு உன் காருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தேன். இதை நீ மறக்கக் கூடாது. உன் கார் கண்ணைச் சிமிட்டி, மணியடித்து, பலகையைக் காட்டியது. எண்பத்துநாலு இல்லை. எழுபத்தொன்று. ராத்திரி யாரும் ஓட்டவில்லை, பதின்மூன்று சதவீதத்தை எவன் தின்றான்? பக்கத்தில் ஒரு பனிப்பூ படம் வேறு போட்டிருந்தது, அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போதே எனக்குப் பயம் தட்டியது, மருமகனே, ஆனால் நான் சொல்லவில்லை. டிரைவர் பயந்தால் வண்டிக்குத் தெரிந்துவிடும். ரன்வேக்கைப் போர்வைகளால் சுற்றி உட்கார வைத்தேன், ஹீட்டரை உச்சத்துக்குத் திருப்பினேன், இருக்கைச் சூடு, ஸ்டியரிங் சூடு, கண்ணாடிச் சூடு, ஆளே இல்லாத பின்சீட்டுக்கும் சூடு. டீசல் வண்டியில் சூடு ஓசி. இஞ்சின் எப்படியும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது, நாம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் அதற்குச் சந்தோஷம். கர்ப்பிணியைக் கூட்டிப்போகிறோம், கஞ்சத்தனம் பண்ணலாமா? காருக்குள்ளே நீராவிக் குளியல் அறை மாதிரி ஆகிவிட்டது. நான் சட்டையோடு ஓட்டினேன். அவள் போர்வைகளை ஒவ்வொன்றாகப் பின்னால் எறிந்தாள். ரோட்டில் நம்மைத் தவிர யாருமில்லை. பைன் மரங்கள் எல்லாம் வெள்ளைக் கம்பளி போர்த்தி நின்றன. நான் சதவீதத்தைப் பார்க்காமலே ஓட்டினேன், கண் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. என் தலைமுடி மாதிரி, பார்க்கப் பார்க்க உதிர்ந்தது. லக்‌ஷெல்வ் ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதிக்குப் பாதி காணோம்.

அங்கே சார்ஜ் போடும் இடத்தில் நிறுத்திக் குழாயை மாட்டினேன். சொட்டுச் சொட்டாக ஏறியது. பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், பாட்டரி குளிர்ந்திருந்தால் கொடுப்பதையும் வாங்கிக்கொள்ளாது என்றார். நான் தலையாட்டி, எனக்கு முன்பே தெரிந்ததுபோல் நின்றேன். இதன் விஞ்ஞானத்தை உனக்குச் சொல்கிறேன், நீ இஞ்சினியர்தான், ஆனால் உனக்கு யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டரிக்குள் ஓடுவது ஒருவகைப் பாகு. வெயிலில் தண்ணீராக ஓடும், குளிரில் தேன் மாதிரி இறுகிவிடும். இறுகிய பாகிலிருந்து மின்சாரத்தை எடுப்பதும் கஷ்டம், உள்ளே தள்ளுவதும் கஷ்டம். அதற்கு மேல், இந்தக் காரில் கொதிக்கிற இஞ்சின் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஹீட்டரும் சக்கரமும் ஒரே தட்டில் சாப்பிடுகின்றன. நான் ஊட்டிய ஊட்டில் பாதியை ஹீட்டர் தின்றிருக்கிறது. இதை ரன்வேக் எனக்குச் சொல்லவில்லையா என்றால், சொன்னாள். “மாமா, ஹீட்டரைக் குறைங்க” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். அவள் வெட்கப்பட்டு அப்படிச் சொல்கிறாள், விருந்தாளிகள் போதும் போதும் என்பார்களே அதுபோல, என்று நினைத்துவிட்டேன்.

பாகு இளகி, ஏறுகிறது ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேடியோவில் சொன்னார்கள்: வழியில் இருக்கும் ஹத்தர் மேட்டில் காற்று எழும்பிவிட்டது, பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் வரிசை இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான், அதோடு ரோட்டை மூடுகிறார்கள். ரன்வேக் அந்தச் சமயம் என் தோளைப் பிடித்திருந்தாள். வலி வந்து போகும்வரை பிடித்திருந்தாள். பிறகு, “பிடுங்குங்க, போலாம்” என்றாள். பிடுங்கினேன்.

மேட்டடிவாரத்தில் தடுப்புக் கட்டை போட்டிருந்தது. அதன் முன்னால் லாரிகளும் கார்களுமாக ஒரு ஊரே நின்றது. பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள் மாரெத் என்ற பெண், துருவமான் மேய்க்கிற குடும்பம், மஞ்சள் அங்கி, காற்றுக்கு மேலே கேட்கும் குரல். ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்து, இவன் வரலாம், இவன் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால் ஒரு மெலிந்த பையன் கோடைக்காலச் செருப்போடு வந்திருந்தான், அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நம்மிடம் வந்து சார்ஜ் எவ்வளவு என்றாள். நாற்பது என்றேன். அவள் தலையை ஜன்னலுக்குள் விட்டுப் பலகையைப் பார்த்தாள்.

“அண்ணே, எனக்கும் நம்பர் படிக்கத் தெரியும். இருபத்துநாலு.”

“இந்த மேட்டுக்கு இருபத்துநாலு ஜாஸ்தி” என்றேன்.

“ஓடுறதுக்குப் போதும். நடுவுல நிக்கிறதுக்குப் போதாது. வரிசை நின்னா எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்கே தெரியாது. சூடு இல்லாம உக்காந்திருக்கத் தாங்குமா?”

“நான் தாங்குவேன்.”

“உங்களை யாரு கேட்டா?” என்று சொல்லிவிட்டு அவள் ரன்வேக்கைப் பார்த்தாள். போர்வைக்கு மேலே தெரிந்த வயிற்றையும் பார்த்தாள். குரல் இறங்கியது. “எத்தனை மாசம்மா?”

“இதான் மாசம்” என்றாள் ரன்வேக். “இதுக்கப்புறம் இன்னொரு வரிசை போகுமா?”

“போகாது. நான் ஏறினதும் கட்டையை இறக்கிடுவாங்க.”

“அப்போ வர்றோம்.”

மாரெத் கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்தாள். பிறகு மற்ற எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி, நம் காரைத் தன் லாரிக்கு நேர் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கே முதலிடம் கொடுப்பது என் ஓட்டும் திறமைக்காகத்தான் என்று பின்னால் நின்ற மீன் லாரிக்காரனிடம் சொன்னேன், அவன் மறுக்கவில்லை. மாரெத் கடைசியாகச் சொன்னது இதுதான்: “என் சிவப்பு விளக்கை விடாதீங்க. அது மறைஞ்சா அங்கேயே நில்லுங்க. எது நடந்தாலும் யாரும் இறங்கக் கூடாது, இறங்கி நாலடி நடந்தா உங்க காரே உங்களுக்குத் தெரியாது.”

எய்லிஃப், நான் கரடியைப் பார்த்திருக்கிறேன், ஏரிப் பனி காலடியில் வெடிப்பதைக் கேட்டிருக்கிறேன், உன் அத்தையிடம் கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மேட்டில் ஏறியதுபோல் எதுவும் இல்லை. மேலேயும் வெள்ளை, கீழேயும் வெள்ளை, ரோட்டோரக் குச்சிகள் ஒன்று வந்தால் அடுத்தது வருவதற்குள் உயிர் போய் வருகிறது. நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், அவ்வளவுதான் உலகம். ஹீட்டரைப் பாதிக்கும் கீழே வைத்திருந்தேன். பதினெட்டு. பதினைந்து. நான் காரோடு பேசிக்கொண்டே போனேன், மாட்டிடம் பேசுவதுபோல. பிறகு சிவப்புப் புள்ளிகள் பெரிதாகி, நின்றன. பின்னால் வந்த மீன் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டு ரோட்டை அடைத்துவிட்டதாம். அதை நேராக்காமல் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது என்று மாரெத் நம் ஜன்னலைத் தட்டிச் சொல்லிவிட்டு, லாரியைத் தொட்டபடி, எங்கள் காரைத் தொட்டபடி, பின்னால் நடந்து போனாள்.

பலகையில் ஒன்பது.

ஹீட்டரை அணைத்தேன். அணைத்ததும் ஒரு நிசப்தம் வந்தது பார், டீசல் வண்டியில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அது நின்றாலும் இருமிக்கொண்டாவது இருக்கும். இந்தக் கார் இருக்கிறதா செத்ததா என்றே தெரியவில்லை. காற்று மட்டும் காரைத் தோளால் இடித்தது. எங்கள் மூச்சு கண்ணாடியின் உள்பக்கத்தில் பூப்பூவாக உறைந்தது. நான் சுரண்டச் சுரண்ட அது வளர்ந்தது. கொஞ்சம் மெதுவாக மூச்சு விடு, வெளியே தெரிய மாட்டேன் என்கிறது என்று சொன்னேன்.

“ரெண்டு பேருக்குச் சேர்த்து விடறேன், மாமா” என்றாள்.

என் தோல் கோட்டைக் கழற்றி அவள் காலில் போட்டேன். இது கதையில்லை, நிஜமாகவே கழற்றினேன். வலி வரும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் மோதிரம் சப்பையாகிவிட்டது. ஒன்பது எட்டாகிவிட்டது. ஒன்றும் செய்யாமல் நின்றதற்கே எட்டு. இது ஆறாகி, நாலாகி, பிறகு அந்தச் சின்னப் பாட்டரி மறுபடி கண்ணை மூடினால் இந்தப் பெண்ணை நான் எங்கே கொண்டு போவேன், எதை மூட்டி எரிப்பேன், பிள்ளை இங்கேயே வந்துவிட்டால் எந்தக் கையால் ஏந்துவேன், உன் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, ஏதாச்சும் பேசுங்க” என்றாள் அவள். கண்ணை மூடியிருந்தாள்.

“என்ன பேச?”

“வழக்கமா பேசுவீங்களே. ஏதாவது ஒரு பொய்.”

மருமகனே, எனக்கு ஒன்றுமே வரவில்லை. வாயைத் திறந்தேன், புகைதான் வந்தது.

அப்போது ஜன்னல் தட்டப்பட்டது. மாரெத், புருவம் முழுக்கப் பனி. மீன் லாரியை நேராக்கிவிட்டார்கள். ரன்வேக்கைத் தன் லாரிக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள். அங்கே அடுப்படி மாதிரி சூடு, உட்காரவும் இடம் ஒன்று உண்டு என்றாள். ரன்வேக் எழுந்திருக்கவில்லை. “மாமா தனியா எப்படி வருவார்?” என்று கேட்டாள். “அவருக்கு ஒண்ணும் வலி வரலையே” என்றாள் மாரெத். இரண்டு பேருமாக அவளைத் தாங்கி, காரையும் லாரியையும் விட்டுக் கை எடுக்காமல், முன்னால் கொண்டுபோய் ஏற்றினோம். போகும்போது ரன்வேக் என் கோட்டைத் திருப்பி என் மேலேயே போட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நான் தனியாக ஓட்டியது சரித்திரம். ஹீட்டர் கிடையாது, கண்ணாடிப் பனியில் உள்ளங்கை அளவு ஓட்டை, அதற்குள் இரண்டு சிவப்புப் புள்ளி, அந்தப் புள்ளிகளுக்குள் உன் குடும்பம். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. நாலு சதவீதம் ஆனதும் பலகையில் ஓர் ஆமைப் படம் வந்தது. இந்த ஊரில் ஆமை ஏது, எதற்கு வந்தது என்று நினைப்பதற்குள் கார் ஆமையாகவே ஆகிவிட்டது. மிதித்தாலும் அதே வேகம். புள்ளிகள் சிறிதாகிக்கொண்டே போயின. நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியாது. பிறகு முன்சக்கரம் குனிந்ததை உணர்ந்தேன். மேடு முடிந்து இறக்கம். காலை எடுத்தேன். கார் தானாக உருண்டது, உருளும்போதே சக்கரம் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. காலையிலிருந்து ஓடி ஓடிப் பாகு இளகியிருந்ததால் இந்தத் தடவை வாங்கிக்கொண்டது. நாலு ஐந்தானது. ஐந்து ஆறானது. ஆமை போய்விட்டது. நான் அழுதேன் என்று மாரெத் யாரிடமாவது சொன்னால், அது கண்ணில் உருகிய பனி.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கைதி ஊரில் காரைக் குழாயில் மாட்டிவிட்டு, கஃபேயில் ரன்வேக்குக்கு வாஃபிளும் பழுப்புப் பால்கட்டியும் வாங்கிக் கொடுத்தேன், அவள் இரண்டு தின்றாள். மாரெத் நின்று ஒரு காப்பி குடித்துவிட்டு, இனிமேல் ரோடு பரவாயில்லை என்று சொல்லித் திரும்பிப் போனாள். நான் ஹீட்டரை ஒரே ஒரு கோட்டில் வைத்து, தொப்பி போட்டுக்கொண்டு, தேர்ந்த கைபோல் ஓட்டி, ஹம்மர்ஃபெஸ்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலிலேயே நர்சுகள் அவளைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டார்கள். காரை ஆஸ்பத்திரி பிளக்கில் மாட்டினேன். பிறகு இங்கே வந்து உட்கார்ந்தேன், விரல்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

இப்போது முக்கியமான செய்தி. சற்று முன்பு அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. பையன். பார்க்கத் தேவையில்லை, குரலே போதும். என் குரல் அப்படியே, அதே கட்டை. நான் எழுந்து நின்று, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்த ஒரு மீனவரிடம் நம் வம்சத்தைப் பற்றியெல்லாம் சொன்னேன். பாவம், அவர் ஏதோ கவலையில் இருந்தார், கேக் சாப்பிட்டதும் தெளிந்தார்.

ஆக, நீ அப்பாவாகிவிட்டாய் எய்லிஃப். காரைப் பற்றியும் கவலைப்படாதே. அதன் குணம் எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. சொன்னால் நாளைக்கே வடதுருவம் வரை ஓட்டிக்கொண்டு போய், ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பது உங்கள் இஷ்டம். ஆஸ்முண் என்பது எழுதச் சுலபமான பெயர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். உன் கால் வைக்கும் இரும்புத் தளம் வழுக்காமல் இருக்கட்டும், உன் ஹெலிகாப்டருக்கு வானம் வழிவிடட்டும், உன் மகன் பல்லு முளைக்கும் முன்பே சொல்லு முளைத்து வாழட்டும். மேடையில் உள்ள சகாக்கள் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
இன்றைக்கு உன் வம்சத்தையே மேடேற்றி இறக்கிய
மாமா ஆஸ்முண்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கதவு திறந்தது. முதலில் ஒரு நர்ஸ் வந்து அந்த மீனவரை உள்ளே கூப்பிட்டாள். அழுதது அவருடைய குழந்தை. பெண். அவர் போகிற வழியில் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தபடியாக ரன்வேக் வந்தாள், கோட்டுப் போட்டுக்கொண்டு, தன் காலாலேயே நடந்து, வயிறு அப்படியே இருக்க. பொய்வலியாம். ஸ்கைதியிலேயே குறைந்துவிட்டது, நீங்கள் அவ்வளவு சிரமப்பட்டு ஓட்டும்போது எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்தேன் என்கிறாள். இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும், தூரத்து ஊர்களிலிருந்து வரும் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிக்கொள்வதுதான் இங்கே வழக்கம், அவளும் தங்கப்போகிறாள். “நீங்க காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க மாமா, காலையில ரோடு திறந்துடுமாம்” என்றாள். நான் ஜன்னல் வழியாக மேடு இருக்கும் திசையில் பார்த்தேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவேன், ஊர் என்ன சொல்லும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வரவேற்புக்குப் போய் இரண்டு அறையாகக் கேட்டு வாங்கிவிட்டு வந்தாள். கார் பிளக்கில் இருக்கிறது, பலகையில் நூறு ஏறப்போகிறது. நீ வந்து சேரும்வரை அது நூறாகவே இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.